பேரேட்டில் ஏறாத வரவு: ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் வாழ்வும் கேட்ஸ்பியின் கனவும்

எழுத்தாளர்கள் கணக்கு எழுதுவது அரிது. எழுதிய கணக்கு அவர்களுக்குப் பின்னும் நிலைத்திருப்பது அதனினும் அரிது. அமெரிக்கப் புதின ஆசிரியர் ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதிய கணக்கு நிலைத்திருக்கிறது. 1919ஆம் ஆண்டு தொடங்கித் தம் எழுதுகோல் ஈட்டித் தந்த தொகைகளை அவர் பெரிய பேரேடு ஒன்றில் ஆண்டுவாரியாகத் தம் கைப்படக் குறித்து வைத்தார். எந்தக் கதை எந்த இதழில் வந்தது, அதற்கு எவ்வளவு கிடைத்தது, முகவருக்குச் சென்ற தரகு எவ்வளவு என்பனவெல்லாம் அதில் உள்ளன. மனைவி ஸெல்டாவின் எழுத்து வருவாய்க்கும் அதில் தனிப்பகுதி உண்டு. தாம் பிறந்த நாள் முதலாக மாதந்தோறும் நிகழ்ந்தவற்றின் சுருக்கக் குறிப்பும் அதே ஏட்டில் இடம்பெற்றுள்ளது. வாழ்வும் வரவும் ஒரே அட்டைக்குள் அடங்கிய அரிய ஆவணம் அது.

அப்பேரேட்டில் 1929ஆம் ஆண்டுக் கணக்கு எழுத்தாளர் எவரையும் சற்றே நிறுத்திச் சிந்திக்கச் செய்யும். அவ்வாண்டு 'சாட்டர்டே ஈவ்னிங் போஸ்ட்' என்னும் வார இதழ் அவருடைய எட்டுக் கதைகளுக்குத் தந்த தொகை, தரகு நீங்கலாக, 27,000 டாலர். அதே ஆண்டில் அவருடைய நூல்கள் அனைத்தும் சேர்ந்து ஈட்டிய உரிமைத் தொகை 31 டாலர் 77 சென்ட். அதனுள் 'தி கிரேட் கேட்ஸ்பி' என்னும் புதினத்தின் பங்கு 5 டாலர் 10 சென்ட். அந்த எட்டுக் கதைகளின் பெயர்களை இன்று பெரும்பாலும் ஆய்வாளர்களே அறிவர். ஐந்து டாலர் ஈட்டிய புதினமோ அமெரிக்க மாணவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பயிலும் நூலாயிற்று. காதலுக்கும் செல்வத்துக்கும் இடையே சிக்கிய கனவு எவ்வாறு தோற்கும் என்பதை அந்நூலில் அத்துணைத் தெளிவாகக் கண்டவர், தம் வாழ்வில் அத்தோல்வியைத் தவிர்க்க இயலாமற் போனார். அவ்விரண்டுக்கும் இடையில் நிகழ்ந்ததே அவருடைய வாழ்க்கை வரலாறு.

இரு மரபுகளின் பிள்ளை

1896 செப்டம்பர் 24ஆம் நாள், மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் ஃபிட்ஸ்ஜெரால்ட் பிறந்தார். அவர் பிறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன்னர்தான் அவருடைய தமக்கையர் இருவரை அக்குடும்பம் நோய்க்குப் பறிகொடுத்திருந்தது. துயர் தோய்ந்த வீட்டில் பிறந்த ஆண்மகவுக்கு பிரான்சிஸ் ஸ்காட் கீ என்னும் தூரத்து உறவினரின் பெயரை இட்டனர். பின்னாளில் அமெரிக்க நாட்டுப்பண் ஆகிய பாடலை இயற்றியவர் அவரே. தந்தை எட்வர்ட் மேரிலாந்தின் பழம்பெருங்குடியில் வந்தவர், நயத்தக்க நடத்தையர், பொருள் ஈட்டும் திறம் வாய்க்காதவர். தாய் மோலியின் தந்தையோ அயர்லாந்திலிருந்து குடியேறி, மளிகை மொத்த வணிகத்தில் பெருஞ்செல்வம் சேர்த்தவர். தந்தை வழியில் குலப்பெருமையும் தாய் வழியில் பணமும் வந்தன. இரண்டும் ஒரே கூரையின்கீழ் ஒன்றையொன்று பார்த்து நாணி நின்றன.

எட்வர்ட் நடத்திய பிரம்பு அறைகலன் தொழில் 1898இல் நொடித்தது. பிறகு சோப்பு நிறுவனம் ஒன்றின் விற்பனையாளராக நியூயார்க் மாநிலத்து நகரங்களில் பணியாற்றினார். 1908இல் அவ்வேலையும் போயிற்று. செய்தி வீட்டுக்கு வந்தபோது, பதினோரு வயதுச் சிறுவன் ஸ்காட், நீந்தப் போவதற்குத் தாய் தந்திருந்த காசை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தான். தங்கள் குடும்பம் ஏழையர் விடுதிக்குப் போக நேரலாகாதென வேண்டிக்கொண்டான். காலையில் நிமிர்ந்த நடையோடு சென்ற தந்தை மாலையில் முதியவராய்த் திரும்பிய காட்சி அவர் நெஞ்சை விட்டு அகலவே இல்லை.

குடும்பம் செயின்ட் பாலுக்கே மீண்டது. தாய்வழிச் செல்வம் அதனைத் தாங்கியது. சம்மிட் அவென்யூ என்னும் செல்வர் வீதியின் சுற்றுப்புறத்தில் வாடகை வீடுகளில் மாறி மாறிக் குடியிருந்தனர். செல்வர் வீட்டுப் பிள்ளைகளோடு ஸ்காட் நடனப் பள்ளிக்குச் சென்றான்; அவர்களுடைய விருந்துகளில் கலந்து கொண்டான்; விருந்து முடிந்ததும் வாடகை வீட்டுக்குத் திரும்பினான். அழைக்கப்பட்டவனாய் உள்ளே நின்று, அயலானாய் அனைத்தையும் நோக்கும் அந்தப் பார்வை அவ்வயதிலேயே அவனுக்கு வாய்த்துவிட்டது. பின்னாளில் அவர் எழுதிய சிறந்த பக்கங்கள் அப்பார்வையில் பிறந்தவையே.

முதற் காதல்

1913இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பாடங்களைவிட மாணவர் மன்றத்துக்கு இசை நாடகம் எழுதுவதிலேயே அவர் நாட்டம் சென்றது. பின்னாளில் பெருந்திறனாய்வாளராக விளங்கிய எட்மண்ட் வில்சனும் கவிஞர் ஜான் பீல் பிஷப்பும் அங்கே நண்பர்களாயினர். கவிதையைக் கவிதையாகச் சுவைக்கக் கற்றுத் தந்தவர் பிஷப். அந்நாள் முதல் கீட்ஸின் கவிதைகள் மீது ஃபிட்ஸ்ஜெரால்ட் கொண்ட பற்று இறுதிவரை நீடித்தது. தம் நான்காவது புதினத்தின் தலைப்பையும் அக்கவிஞரின் பாடலொன்றிலிருந்தே எடுத்தார். அவருடைய உரைநடையில் ஒலிநயம் ஓடுவதற்கு இப்பயிற்சி ஒரு காரணமாகும்.

1915 சனவரியில் விடுமுறைக்கு ஊர் வந்திருந்தபோது ஜினெவ்ரா கிங் என்னும் பதினாறு வயது மங்கையைச் சந்தித்தார். அவர் சிகாகோவை அடுத்த லேக் ஃபாரஸ்டில் வாழ்ந்த செல்வமிகு பங்குத் தரகரின் மகள். இரண்டாண்டுக் காலம் கடிதங்கள் பறந்தன. நேரிற் கண்ட நாட்கள் மிகச் சிலவே. 1916 கோடைக் காலத்தில், ஏழை இளைஞர் செல்வர் வீட்டுப் பெண்களை மணக்க எண்ணலாகாது என்னும் பொருள்பட யாரோ பேசியது அவர் செவியில் விழுந்தது. இன்னார் சொன்னார் என்று குறிக்காமல், சொன்ன செய்தியை மட்டும் பேரேட்டில் எழுதி வைத்தார். 1917 தொடக்கத்தில் அவ்வுறவு முறிந்தது. அடுத்த ஆண்டு ஜினெவ்ரா தம்மையொத்த செல்வக் குடும்பத்து இளைஞர் ஒருவரை மணந்தார். தொலைவில் நின்று ஒளிரும் செல்வமகள் என்னும் உருவம் அன்றுமுதல் ஃபிட்ஸ்ஜெரால்டின் புனைவுலகில் நிலையாகக் குடிபுகுந்தது.

பொருள்வயிற் பிரிவு

பட்டம் பெறாமலே 1917இல் அவர் படையில் சேர்ந்தார். போரில் மடிவது உறுதியென நம்பிய அவர், மடியுமுன் ஒரு நூலேனும் விட்டுச்செல்ல விழைந்து, வார இறுதிகளில் அதிகாரிகள் மன்றத்தில் அமர்ந்து புதினம் எழுதினார். ஸ்க்ரிப்னர் பதிப்பகம் 1918இல் அதனைத் திருப்பி அனுப்பியது. அவ்வாண்டு சூலையில் அலபாமா மாநிலத்து மாண்ட்கோமரி நகரில், நடன நிகழ்ச்சியொன்றில் ஸெல்டா சேயரைக் கண்டார். மாநில உச்ச நீதிமன்ற நீதிபதியின் மகளாகிய ஸெல்டா அழகும் துணிச்சலும் சொல்வன்மையும் மிக்கவர். காதல் மலர்ந்தது. ஃபிட்ஸ்ஜெரால்ட் கடல் கடந்து போர்முனை செல்லுமுன்பே போர் முடிந்துவிட்டது. இனி வேண்டியது பொருள் ஒன்றே.

அகப்பாடல் பயின்றோர்க்குப் பொருள்வயிற் பிரிவு புதிதன்று. தலைவன் சுரம் கடந்து பொருள் தேடச் செல்வான். தலைவி சுவரில் கோடிட்டு நாள் எண்ணுவாள். குறித்த பருவத்தில் அவன் மீள்வான் என்பது மரபின் நம்பிக்கை. ஃபிட்ஸ்ஜெரால்டுக்கு வாய்த்த சுரம் நியூயார்க் மாநகரம். அங்கே விளம்பர நிறுவனமொன்றில் மாதம் 90 டாலர் ஊதியத்தில் டிராம் வண்டிகளில் ஒட்டும் விளம்பரங்களுக்கு வாசகம் எழுதினார். இரவுகளில் கதை எழுதி இதழ்களுக்கு அனுப்பினார். திரும்பி வந்த மறுப்புச் சீட்டுகள் நூற்றைக் கடந்தன. அவற்றை அறையின் சுவரில் வரிசையாகக் குத்தி வைத்தார். அந்த இளவேனிலில் விலைபோனது ஒரே ஒரு கதை. அதற்குக் கிடைத்தது 30 டாலர்.

ஸெல்டா சுவரில் கோடிட்டுக் காத்திருக்கவில்லை. 1919 சூன் மாதத்தில் மணவுறுதியை முறித்துவிட்டார். இதனைப் பொருளாசை என்று ஒதுக்குவது எளிது. ஆயின், பெண்ணுக்குத் தனி வருவாய் என்பது அரிதாயிருந்த அக்காலத்தில், கணவனின் நிலையே மனைவியின் வாழ்நிலையாக இருந்தது. வறுமையில் காதல் வாடிப்போகும் என அஞ்சிய பதினெட்டு வயதுப் பெண்ணின் அச்சத்தில் உண்மை இல்லாமலில்லை.

வேலையைத் துறந்து செயின்ட் பாலுக்குத் திரும்பிய ஃபிட்ஸ்ஜெரால்ட், பெற்றோர் வாழ்ந்த வாடகை வீட்டின் மேல்மாடியில் அடைந்து கிடந்து புதினத்தைத் திருத்தி எழுதினார். செப்டம்பரில் ஸ்க்ரிப்னர் பதிப்பாசிரியர் மாக்ஸ்வெல் பெர்கின்ஸ் நூலை ஏற்றுக்கொண்டதாக எழுதினார். கடிதம் கண்ட இளைஞர் தெருவில் ஓடி, போகும் கார்களை நிறுத்தி, நண்பர்களிடம் செய்தியைச் சொன்னாராம். 'திஸ் சைட் ஆஃப் பாரடைஸ்' 1920 மார்ச் 26ஆம் நாள் வெளிவந்தது. முதல் அச்சில் வந்த 3,000 பிரதிகள் மூன்றே நாளில் தீர்ந்தன. எட்டாம் நாள், ஏப்ரல் 3இல், நியூயார்க்கில் ஸெல்டாவை மணந்தார். பேரேட்டின்படி 1919இல் 879 டாலராக இருந்த எழுத்து வருவாய் 1920இல் 18,850 டாலராயிற்று.

தலைவன் பொருளோடு மீண்டான், தலைவி ஏற்றுக்கொண்டாள். மரபுப்படி இஃது இனிய முடிவே. ஆனால் ஃபிட்ஸ்ஜெரால்டின் உள்ளத்தில் ஒரு முள் தங்கிவிட்டது. சட்டைப்பையில் பணம் குலுங்கியதால்தான் அந்தப் பெண் கிடைத்தாள் என்பதை அவரால் மறக்க இயலவில்லை. செல்வர்பால் நீங்காத ஐயம் ஒன்று தம்முள் குடிகொண்டதற்கு அந்நிகழ்ச்சியே காரணம் எனப் பதினாறு ஆண்டுகளுக்குப் பின் எழுதிய கட்டுரையிலும் அவர் குறிப்பிட்டார். வென்ற காதலுக்குள்ளேயே தோற்றிருக்கக்கூடிய காதலின் நிழல் படிந்திருந்தது. அந்நிழலுக்கு அவர் தந்த உருவமே கேட்ஸ்பி.

வளைகுடாவின் இரு கரைகள்

1921 அக்டோபரில் மகள் ஸ்காட்டி பிறந்தார். மறு ஆண்டு அக்டோபரில் குடும்பம் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் கிரேட் நெக் என்னும் ஊரில் குடியேறியது. நாடகத் துறையினரும் இதழாளரும் புதுப்பணம் கண்டோரும் நிறைந்த ஊர் அது. சிறு வளைகுடாவின் எதிர்க்கரையில் தலைமுறைச் செல்வர்களின் மாளிகைகள் நின்றன. அங்கிருந்து மாநகர் செல்லும் வழியில் கொரோனா என்னுமிடத்தில் நகரத்தின் உலைச்சாம்பல் மலைமலையாய்க் குவிந்து கிடந்தது. 1920 முதல் நாடெங்கும் மதுவிலக்குச் சட்டம் நடப்பிலிருந்தது. கள்ளச்சாராயமோ ஆறாய் ஓடிற்று. அதில் ஒரே இரவில் செல்வரானோர் பலர். புதினத்தின் நிலக்களம் முழுவதும் அவருடைய வாயிலிலேயே விரிந்து கிடந்தது.

கிரேட் நெக்கின் விருந்துகள் வருவாயை விழுங்கின. 1923இல் தம் குடும்பம் செலவிட்ட 36,000 டாலர் எங்கே போயிற்றென்று வியந்து அவர் நகைச்சுவைக் கட்டுரையே எழுதினார். அக்கட்டுரையும் விலைபோயிற்று. ஆனால் அவ்வாண்டு நவம்பரில் அரங்கேறிய அவருடைய நாடகம் தோற்றது. கடன் தீர்க்க மாதக்கணக்கில் இதழ்க்கதைகளாக எழுதிக் குவித்தபின், 1924 மே மாதம் குடும்பத்தோடு பிரான்சுக்குக் கப்பலேறினார்.

தென் பிரான்சின் கடலோரத்தில் அவர் முழுமூச்சாய்ப் புதினத்தில் மூழ்கியிருந்த அந்தக் கோடையில், தனிமையுற்ற ஸெல்டாவுக்கும் பிரெஞ்சு விமானப் படைவீரர் ஒருவருக்கும் நெருக்கம் தோன்றியது. அவ்வுறவு விரைவில் முடிந்தது. எனினும் உடைந்த நம்பிக்கை முன்போல் ஒட்டவில்லை. கைநழுவும் காதலைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவரின் கண்முன்னே அவர் காதலும் கைநழுவத் தொடங்கியிருந்தது.

அக்டோபரில் கைப்படி பெர்கின்ஸுக்குச் சென்றது. கேட்ஸ்பியின் உருவம் மங்கலாகத் தெரிகிறது, அவன் செல்வம் வந்த வழி குறிப்பாகவேனும் புலப்பட வேண்டும், அவன் முன்கதையை ஒரே இடத்தில் கொட்டாமல் சிறிது சிறிதாக அவிழ்க்கலாம் என்று பெர்கின்ஸ் எழுதினார். தம் நூல்மீது இத்தகைய குறை கூறப்பட்டால் மனம் நோவாத படைப்பாளி அரியர். ஃபிட்ஸ்ஜெரால்டோ அக்குளிர்காலம் முழுவதும் ரோம் நகரில் அமர்ந்து அச்சுப்படிகளிலேயே நூலை மீண்டும் கட்டியெழுப்பினார். செலவிலும் குடியிலும் கட்டுப்பாடறியாத மனிதர் சொல்லில் காட்டிய கட்டுப்பாடு வியக்கத்தக்கது.

புதினம் கண்ட உண்மை

'தி கிரேட் கேட்ஸ்பி' 1925 ஏப்ரல் 10ஆம் நாள் வெளிவந்தது. வடக்கு டகோட்டாவின் ஏழை உழவர் மகன் ஜேம்ஸ் காட்ஸ், பதினேழு வயதில் தன் பெயரை ஜே கேட்ஸ்பி என மாற்றிக்கொள்கிறான். படையில் பணியாற்றும்போது லூயிவில் நகரத்துச் செல்வமகள் டெய்சியைக் காதலிக்கிறான். அவன் போருக்குச் செல்ல, அவள் டாம் புக்கானன் என்னும் பரம்பரைச் செல்வனை மணந்துகொள்கிறாள். சட்டத்துக்குப் புறம்பான வழிகளில் பெருஞ்செல்வம் திரட்டும் கேட்ஸ்பி, டெய்சியின் வீட்டுக்கு நேரெதிர்க் கரையில் மாளிகை வாங்குகிறான். எதிர்க்கரைப் படகுத்துறையில் எரியும் பச்சை விளக்கை இரவெல்லாம் நோக்கி நிற்கிறான். ஊரையே அழைத்து விருந்து வைக்கிறான். அவற்றில் ஒன்றுக்கேனும் அவள் வரமாட்டாளா என்பதே அவன் ஏக்கம்.

அவள் வருகிறாள். ஆனால் கேட்ஸ்பி கேட்பது அவளை மட்டுமன்று. கடந்துபோன ஐந்தாண்டுகளும் நிகழவே இல்லை என்றாக வேண்டும் என்கிறான். கணவனை ஒருபோதும் நேசித்ததில்லை என அவள் வாயால் சொல்ல வேண்டும் என்கிறான். அந்த விலையை டெய்சியால் தர இயலவில்லை. அவள் ஓட்டிய கார் டாமின் ஆசைநாயகியை மோதிக் கொல்கிறது. பழியைக் கேட்ஸ்பி ஏற்க முனைகிறான். இறந்தவளின் கணவனிடம் காருக்குரியவன் கேட்ஸ்பி என்று டாம் காட்டிக்கொடுக்க, அவனால் கேட்ஸ்பி சுட்டுக் கொல்லப்படுகிறான். டாமும் டெய்சியும் தங்கள் செல்வத்துக்குள் ஒதுங்கிக்கொள்கின்றனர். நூற்றுக்கணக்கானோர் உண்டு களித்த மாளிகையிலிருந்து பிணம் புறப்படுகையில், கதை சொல்லும் நிக் கேரவேயும் ஊரிலிருந்து வந்த ஏழைத் தந்தையும் பணியாட்களும் இன்னும் ஓரிருவருமே உடன் செல்கின்றனர்.

இப்புதினத்தின் நுட்பம் நிக் என்னும் பாத்திரத்தில் உள்ளது. கேட்ஸ்பி கனவு காண்பவன். நிக் அதனைக் கண்டு ஐயுறுபவன், பின் இரங்குபவன். விருந்தில் ஆடிய செயின்ட் பால் சிறுவனும், விருந்தைப் புறத்தே நின்று நோக்கிய அதே சிறுவனும் இரு பாத்திரங்களாகப் பிரிந்து நிற்கின்றனர். செல்வத்தால் வீட்டை வாங்கலாம், எதிர்க்கரையில் நின்று விளக்கைப் பார்க்கலாம். கழிந்த காலத்தை வாங்க இயலாது. செல்வத்தைத் தேடும் வழியிலேயே, அச்செல்வத்தை யாருக்காகத் தேடினோமோ அந்தக் காதல் வேறொன்றாக மாறிவிடுகிறது. பொருள்வயிற் பிரிந்த தலைவன் காலம் தாழ்ந்து மீண்டால் என்ன ஆகும் என்னும் வினாவுக்குப் புதினம் தந்த விடை இது.

நூலின் விற்பனை ஆசிரியரின் நம்பிக்கையைப் பொய்யாக்கியது. முதல் அச்சு 20,870 பிரதிகள். ஆகஸ்டில் வந்த இரண்டாம் அச்சு 3,000 பிரதிகள். முந்தைய புதினங்களின் விற்பனையில் இது பாதியளவே. கவிஞர் டி.எஸ். எலியட், ஹென்றி ஜேம்ஸுக்குப் பின் அமெரிக்கப் புனைகதை எடுத்துவைத்த முதல் அடி என்னும் கருத்துப்படப் பாராட்டிக் கடிதம் எழுதினார். அக்கடிதத்தைப் பேரேட்டில் வரவு வைக்க இயலாது. ஃபிட்ஸ்ஜெரால்ட் மீண்டும் இதழ்க்கதைகளுக்குத் திரும்பினார்.

விலைபோன பெயர்

1929இல் ஒரு கதைக்கு 4,000 டாலர் என்னும் உச்சத்தை அவர் எட்டினார். அடுத்த ஆண்டு ஸெல்டா எழுதிய கதையொன்று, கணவரின் பெயர் தாங்கி வந்தால்தான் அவ்விலை கிடைக்கும் என்பதால், அவர் பெயரை மட்டும் தாங்கி 'போஸ்ட்' இதழில் வெளிவந்தது. எழுதியவர் ஒருவர், பெயர் மற்றொருவரது, விலை அப்பெயருக்கே.

இது தொடக்கமுமன்று. ஸெல்டாவின் நாட்குறிப்பும் கடிதங்களும் கணவரின் முதலிரு புதினங்களிலேயே இடம்பெற்றுவிட்டன. அதனை 1922இல் ஸெல்டாவே ஒரு நாளிதழ் மதிப்புரையில் நகைச்சுவையாகச் சுட்டிக்காட்டினார். மகள் பிறந்தபோது மயக்கம் தெளியாத நிலையில் அவர் உரைத்த சொற்கள் டெய்சியின் வாய்மொழியாய்ப் புதினத்துள் புகுந்தன. தமக்கென ஒரு கலை வேண்டுமெனப் பாலே நடனத்தில் வெறியோடு பயின்ற ஸெல்டா, 1930 ஏப்ரலில் மனநிலை குலைந்தார். பாரிஸிலும் பின் சுவிட்சர்லாந்திலும், 1932இல் பால்டிமோரிலும் மருத்துவம் தொடர்ந்தது. செலவைத் தாங்கக் கணவர் கதை எழுதினார். கதை எழுதியதால் புதினம் நின்றது.

1932இல் பால்டிமோர் மருத்துவமனையில் இருந்தபடியே சில வாரங்களில் ஸெல்டா ஒரு புதினம் எழுதி முடித்து, கணவருக்குக் காட்டாமல் பெர்கின்ஸுக்கு அனுப்பினார். அதனை அறிந்த ஃபிட்ஸ்ஜெரால்ட் சினமுற்றார். ஆண்டுக்கணக்கில் தாம் எழுதிவந்த புதினத்தின் கருப்பொருளும் அதுவே என வாதிட்டு, திருத்தங்கள் செய்வித்தார். 'சேவ் மீ தி வால்ட்ஸ்' அவ்வாண்டே வெளிவந்தது. ஆயிரத்து நானூறு பிரதிகளும் விற்கவில்லை. மறு ஆண்டு மருத்துவர் முன்னிலையில், சுருக்கெழுத்தாளர் குறிப்பெடுக்க, இருவரும் வழக்காடினர். தம் இல்வாழ்வு முழுவதும் தொழில்முறை எழுத்தாளராகிய தமக்கே உரிய கருப்பொருள் என்பது கணவரின் கட்சி. தம் வாழ்வைத் தாம் எழுத உரிமை வேண்டும் என்பது மனைவியின் கட்சி. செல்வர்கள் பிறர் வாழ்வை நொறுக்கிவிட்டுத் தம் பணத்துக்குள் ஒதுங்குவதைக் கண்டித்து எழுதிய அதே கை, அருகிலிருந்த வாழ்வொன்றைத் தன் உடைமையெனக் கோரியது. ஃபிட்ஸ்ஜெரால்டைப் போற்றுவோர் கடந்துசெல்ல இயலாத இடம் இது. மருத்துவச் செலவைக் கடைசிவரை தளராமல் சுமந்தவரும் அவரே என்பதையும் உடன் கூறவேண்டும்.

1934இல் வெளிவந்த 'டெண்டர் இஸ் தி நைட்' எதிர்பார்த்த வெற்றியைத் தரவில்லை. பொருளாதார வீழ்ச்சியில் வேலையிழந்து நின்ற மக்களுக்கு ரிவியராக் கடற்கரைச் செல்வரின் துயரம் அயலாய்த் தோன்றியது. அவ்வாண்டே குறைந்த விலையில் மறுபதிப்பான கேட்ஸ்பியும் விற்பனையின்றி நிறுத்தப்பட்டது. குடிப்பழக்கம் முற்றியது. 1936இல் தம் உள்ளத்தின் நொறுங்கலைத் தாமே அறுத்துப் பார்த்து 'எஸ்குயர்' இதழில் மூன்று கட்டுரைகள் எழுதினார். ஒன்றுக்குக் கிடைத்தது 250 டாலர்.

இறுதி ஆண்டுகள்

கடன் தீர்க்க 1937 சூலையில் ஹாலிவுட் சென்று, எம்.ஜி.எம். நிறுவனத்தில் வாரம் 1,000 டாலர் ஊதியத்தில் திரைக்கதை எழுத்தாளரானார். பதினெட்டு மாதங்களில் அவர் பெயர் திரையில் வந்தது ஒரே படத்தில். ஊதியம் கடனுக்கும், ஸெல்டாவின் மருத்துவமனைக்கும், மகளின் கல்லூரிப் படிப்புக்கும் சென்றது. மகளுக்கு அவர் எழுதிய கடிதங்கள் அறிவுரையும் அன்பும் கண்டிப்பும் நிறைந்தவை. தம் வாழ்வில் கைவராத ஒழுங்கை மகளுக்கேனும் ஈட்டித்தர முயன்ற தந்தையை அவற்றிற் காணலாம்.

அக்காலத்தில் அவருக்குத் துணையாயிருந்தவர் இதழாளர் ஷீலா கிரஹாம். இலண்டன் ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த அவருக்கு, ஒரே மாணவியைக் கொண்ட கல்லூரி போலப் பாடத்திட்டம் வகுத்து இலக்கியமும் வரலாறும் கற்பித்தார். தம் நூல்களை அவருக்கு வாங்கித் தரப் புத்தகக் கடைகளில் ஏறி இறங்கியபோது ஒன்றும் கிடைக்கவில்லை. இறுதியாக வந்த உரிமைத் தொகை 13 டாலர் 13 சென்ட்.

1940 டிசம்பர் 21ஆம் நாள், ஷீலாவின் இல்லத்தில் பிரின்ஸ்டன் முன்னாள் மாணவர் இதழைப் படித்துக்கொண்டிருந்தவர் திடீரென எழுந்து, மாரடைப்பால் சாய்ந்தார். அகவை நாற்பத்து நான்கு. 'தி லாஸ்ட் டைகூன்' என்னும் புதினம் முற்றுப்பெறாமல் நின்றது. மேரிலாந்தில், தந்தை அடங்கிய கத்தோலிக்க இடுகாட்டில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. சமய ஒழுக்கத்தை அவர் கைவிட்டிருந்தார் என்பது காரணம். ராக்வில் நகரின் வேறோர் இடுகாட்டில் அடக்கம் செய்தனர். வந்திருந்தோர் இருபது முப்பது பேர். உடல்நலமின்மையால் ஸெல்டா வரவில்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கேட்ஸ்பிக்காக அவர் எழுதிய ஈமக்காட்சி அவருக்கே திரும்பி வந்தது போலிருந்தது. 1948 மார்ச்சில் ஆஷ்வில் மருத்துவமனையில் நேர்ந்த தீயில் ஸெல்டாவும் மாண்டார்.

ஏறாத வரவு

ஃபிட்ஸ்ஜெரால்ட் இறந்தபோது கேட்ஸ்பியின் இரண்டாம் அச்சுப் பிரதிகளில் சில பதிப்பகக் கிடங்கில் விற்காமல் கிடந்தன. முற்றுப்பெறாத புதினத்தைக் கல்லூரித் தோழர் எட்மண்ட் வில்சன் 1941இல் பதிப்பித்தார். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், போர்வீரர்க்கு இலவசமாக வழங்கிய சிறு பதிப்புகளின் வரிசையில் கேட்ஸ்பி இடம்பெற்றது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் முகாம்களுக்கும் கப்பல்களுக்கும் சென்றன. வீட்டையும் காதலியையும் பிரிந்து தொலைவில் கிடந்த இளைஞர்கள், பச்சை விளக்கை நோக்கி நின்றவனைத் தம்முள் ஒருவனாகக் கண்டதில் வியப்பில்லை. 1950களில் திறனாய்வாளரும் பல்கலைக்கழகங்களும் நூலைக் கையிலெடுத்தனர். பின்னர் அது கோடிக்கணக்கில் விற்றது, பலமுறை திரைப்படமாயிற்று. 2021இல் அமெரிக்காவில் அதன் பதிப்புரிமை முடிந்து பொதுவுடைமையாயிற்று. 2025இல் நூற்றாண்டு கண்டது. முன்பு மறுக்கப்பட்ட இடுகாட்டிலேயே 1975இல் கணவன் மனைவி இருவரையும் சேர்த்து அடக்கினர். கேட்ஸ்பியின் இறுதி வாக்கியம் கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

பேரேடு தென் கரோலினா பல்கலைக்கழக நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு, 2013 முதல் எல்லோரும் காணும் வண்ணம் கணிப்பொறி வழியே திறந்துவைக்கப்பட்டுள்ளது. அதிலுள்ள தொகைகளில் பிழை இருப்பதாகத் தோன்றவில்லை. ஆயினும் அக்கணக்கில் ஏறாதவை இரண்டு. ஒன்று, ஸெல்டா இழந்தது. அதற்கு அந்த ஏட்டில் பகுதி இல்லை. மற்றொன்று, ரோம் நகரக் குளிர்காலத்தில், எவரும் கூடுதலாக ஒரு காசும் தராத நிலையில், அச்சுப்படியில் ஒவ்வொரு வரியாகத் திருத்திய உழைப்பு. எழுதுகோல் எடுத்தோர் அனைவரிடமும் ஒரு பேரேடு இருக்கிறது. அதில் பாராட்டும் பரிசும் பணமும் வரிசையாய் ஏறுகின்றன. ஐந்து டாலர் பத்து சென்ட் என்று குறித்துவிட்டு அடுத்த கதைக்குச் சென்ற அந்த மனிதர், தம் வாழ்நாளின் மிகப் பெரிய வரவை அந்த வரியில்தான் எழுதினார் என்பதை அறியாமலே மறைந்தார்.